அமாசா பெட்டிஜானைச் சுட்ட குண்டு

1863 செப்டம்பரில் ஈனாக் ட்ரீஸ் சுட்ட குண்டு 1974 வரை யார்மீதும் படவில்லை. வருடத்துக்கு இரண்டடி வீதம் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் காலிஸ் ஃபெர்ரி ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குதிரைத் தகராறில் பக்கத்து வீட்டு அமாசா பெட்டிஜானை ஈனாக் சுட்டபோது, ரிவால்வரில் ஆறு குண்டு நிரப்பும் உருளை பாதிச் சுற்றில் இறுகிக்கொண்டது. குண்டு குழலை விட்டு வெளியே வரவே நான்கு மாதம் ஆயிற்று. அமாசா அதற்குள் சோள அறுவடையை முடித்தார், பிறகு ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார், காய்ச்சலில் செத்தார். குண்டு அவருடைய வாரிசுகளின் பக்கம் திரும்பியது. வழியில் வைத்த இரும்புத் தகட்டைச் சாவகாசமாகத் துளைத்துக்கொண்டு போனது. நோயிலும் முதுமையிலும் பெட்டிஜான்கள் குறைந்து குறைந்து கடைசியில் நோலா மட்டும் மிஞ்சினாள். அவள் 1931இல் ஈனாக்கின் கொள்ளுப்பேரனும் துப்பாக்கி பழுதுபார்ப்பவனுமான ஒரினை மணந்தாள். குண்டு அவர்கள் வீட்டுக்குள் வந்துசேர்ந்த பிறகு, வசந்தந்தோறும் கட்டிலை வேறு சுவரோரம் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

நோலாவின் எலும்பில் புற்று வந்த வருடம் கட்டிலை அசைக்க முடியாமல் போனது. விரிப்பை இழுத்தாலே அலறினாள். குண்டு அவள் மார்புக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பாதியில் நின்றுபோன துப்பாக்கிச்சூடுதான் அதை நகர்த்துகிறது, ரிவால்வரைச் சரிசெய்தால் குண்டு நின்றுவிடும் என்று ஒரின் நம்பினான். பரணிலிருந்து அதை இறக்கி ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்தான். சுடாமல் கிடந்த ஈயக்குண்டுகளைத் திருகாணியால் பிடுங்கி, கட்டிப்போன மருந்தை வெந்நீரில் கழுவினான். மருந்தைப் பற்றவைக்கும் வெடித்தொப்பியை மாட்டும் ஆறு காம்புகளும் அரித்திருந்தன. புதிதாகக் கடைந்து போட்டான். உருளையைத் திருப்பும் ஸ்பிரிங் வில் ஒடிந்திருந்ததால் புது வில் ஒன்றை அடித்துப் பதம் போட்டான். அன்று மாலை கஞ்சி கொண்டுபோனபோது குண்டு ஒரே நாளில் மூன்று விரற்கடை நகர்ந்திருந்தது.

“துரு விட விட இதுவும் வேகமாகுது, நோலா. எல்லாத்தையும் பழையபடி பரணில போட்டுடுறேன்.”

“எனக்குப் போன வாரமே தெரியும். நான்தான் வாயத் தொறக்கல.”

“ஏன்டி?”

“சொன்னா நிறுத்திடுவ. ஏய் கிழவா, டாக்டர் கொடுக்கிற ஊசி ரெண்டு மணி நேரம்கூடத் தாங்கல. எவன் துப்பாக்கியையும் பாதியில திருப்பிக் கொடுத்தவன் இல்லையே நீ. பொண்டாட்டின்னா மட்டும் இளக்காரமா?”

“என் கையாலயா?”

“சுட்டது உங்க கொள்ளுத்தாத்தா. நீ வில்லை மாட்டு, போதும்.”

மூன்று நாள் அவன் பட்டறைப் பக்கமே போகவில்லை. அவள் அலறலைக் கேட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். நான்காம் நாள் காலை அவளுக்குத் தலை வாரிவிட்டான். அவள் கேட்ட பீச் பழத்துண்டைச் சாறாக்கி ஊட்டினான். பட்டறையில் வில்லை மாட்டி, ரிவால்வரின் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்தான். உருளை சுழன்று குழலுக்கு நேராக வந்து க்ளிக்கென்று பூட்டிக்கொண்டது. வீட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்டது. ஒரின் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

ஷெரீஃப் வந்து, சுட்ட தேதி 1863, சுட்டவர் உயிரோடு இல்லை, வழக்குப் பதியத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அக்கம்பக்கத்தார் கோழிக்கறியும் ஆப்பிள் பணியாரமும் கொண்டுவந்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் ஒரின், பழுதுபார்த்த எந்தத் துப்பாக்கிக்கும் செய்வதுபோல, ரிவால்வரில் புது மருந்தும் குண்டும் நிரப்பி மேசையில் இறுக்கிக் கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று, விசையைக் கயிற்றால் இழுத்து ஆறு முறை சுட்டுப் பார்த்தான். குழலில் விரிசல் இல்லை, பக்கவாட்டில் ஈயம் சிதறவில்லை. குண்டுகள் உடனுக்குடன் பலகையில் போய்ச் சேர்ந்தன.