காற்றை மறித்தல்

அக்டோபர் 19, ஞாயிறு

இன்றைய தவறு: படகின் பின்பக்க அடைப்பானைத் திருகாமலேயே தண்ணீரில் இறக்கிவிட்டேன். படகைக் கழுவியதும் தண்ணீர் வடிவதற்காக அதைக் கழற்றுவது நான்தான். திரும்ப மாட்ட வேண்டியதும் நான்தான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. அத்தான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பல் டாக்டரின் படகு பக்கத்தில் வந்த பிறகுதான், அவர் காதில் விழும்படி, "இது குளிக்கிற தொட்டி இல்லம்மா, படகு" என்றார். பல் டாக்டர் சிரித்தார். அத்தானுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

மாலை வகுப்பில் கட்டட வரைபடம் சொல்லித்தரும் ஆசிரியை, தாளில் தப்பாகப் போன கோட்டை முதலில் சிவப்பில் குறித்துவிட்டு மீதியைப் பாருங்கள் என்பார். நாட்குறிப்பையும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன். அதில் ஒரு வசதி இருக்கிறது. என் தவறை முதல் வரியில் எழுதிவிட்டால் மற்றவர்களைப் பற்றி உறுத்தல் இல்லாமல் எழுதலாம். இது நியாயமான வசதிதானா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்றோடு பந்தய சீசன் முடிந்தது. கிளப் என்பது ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். முன்னால் ஒரு கொடிக்கம்பம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், கைப்பிடி உடைந்த ஒரு குளிர்பானப் பெட்டி, சுவர் முழுக்கப் பழைய வெற்றியாளர்களின் படங்கள். இந்தக் கரையில் ஒருவர் தும்மினால் அந்தக் கரையில் நாய் குரைக்கும். ஏரி அவ்வளவுதான் அகலம். ஆனால் இவர்கள் பேசுவதைக் கேட்டால் மூன்று கடல் தாண்டி வந்த களைப்பு தெரியும். செயலாளருக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் தளபதி. மின்சார அலுவலகத்தில் பில் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்க நிறப் பட்டி வைத்த தொப்பி போட்டுக்கொண்டு, ஊதலை வாயில் வைக்கும் முன் அடிவானத்தை ஒருமுறை பார்ப்பார். அடிவானத்தில் சிமெண்ட் கிடங்கின் சுவர் இருக்கிறது.

எங்கள் படகில் இரண்டு பேர். பின்னால் சுக்கான் பிடிப்பவர் அத்தான். முன்னால் சின்னப் பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு சாயும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் வெளியே தொங்குபவள் நான். கிளப்பில் இந்த வேலைக்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. அத்தான் அதைச் சொன்னதில்லை. சீசன் தொடக்கத்தில் என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியபோது, "நம்ம படகோட பாரம். வாயைத் திறக்காது, ஞாயித்துக்கிழமைக்கு வேற வேலை வச்சுக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா வீட்டுப் பின் அறையில் தங்கி, பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, மாலையில் வகுப்புக்குப் போகிறவள் வேறு என்ன செய்வாள்?

வீட்டில் அத்தான் பரம சாது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டக்கூட அக்காவைக் கேட்பார். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இழப்பீடு எழுதும் வேலை. அலுவலகத்திலும் தலை நிமிராதவர் என்றே கேள்வி. கிளப்பில் தளபதியிடமும் பல் டாக்டரிடமும் குழைவார். ஆக, வாரம் முழுக்க விழுங்கியதையெல்லாம் கக்குவதற்கு அவருக்கு இருப்பது ஆளுயர நீளம்கூடச் சரியாகத் தேறாத ஓர் இடம். அதில் உட்கார்ந்திருப்பது நான். "இழு. இழுன்னா இழு. கயிறா அது, பூனை வாலா, இப்படிப் பாத்துப் பாத்துப் புடிக்கிற?"

பிறகு ஏன் போனேன் என்பதையும் எழுத வேண்டும். ஏப்ரலில் ஒரு நாள், பந்தயம் முடிந்து கரைக்குத் திரும்பும்போது, தொலைபேசி வந்ததால் சுக்கான் கட்டையை ஒரு நிமிடம் என் கையில் கொடுத்தார். தண்ணீர் அடியிலிருந்து மெல்ல இழுத்தது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் படகின் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது. கொஞ்சம் இறுக்கினால் சொன்னபடி கேட்டது. நான் சொல்லி எதுவும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ, அத்தான் பார்த்துவிட்டார். "இந்த வருஷம் கோப்பை நம்ம கைக்கு வரட்டும். அடுத்த சீசன் சுக்கான் உன் கையில" என்றார். அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொண்டேன். கோப்பை எனக்குத் தேவையில்லை. அந்தக் கட்டைதான் வேண்டும்.

பந்தயக் கணக்கு எளிது. முதலில் வந்தால் ஒரு புள்ளி, இரண்டாவதாக வந்தால் இரண்டு, அப்படியே போகும். சீசன் முடிவில் யாருக்குக் கூட்டுத்தொகை குறைவோ அவருக்குக் கோப்பை. ஆளுக்கு ஒரே ஒரு மோசமான பந்தயத்தைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடலாம். அத்தானுக்கு மோசமான பந்தயங்கள் இரண்டு. மே மாதத்தில், கரையில் கிளப் தலைவர் குடும்பத்தோடு வந்து நிற்பதைப் பார்த்துக் கை காட்டப் போய்க் கயிற்றை விட்டார், படகு கவிழ்ந்தது. ஜூலையில் ஒரு ஞாயிறு, நாங்கள் கிளம்பும் நேரத்தில் அக்கா குளியலறையில் மயங்கி விழுந்தாள். நான்கு மாத வயிறு. மருத்துவமனை வராந்தாவில் அத்தான் ஜன்னலுக்கு வெளியே மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். இலைகள் நன்றாக ஆடின. "அருமையான காத்து" என்று தனக்குத்தானே சொன்னார். அவரை அப்போது என்னால் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அந்த மரத்தை நானும் பார்த்தேன்.

அந்த ஞாயிறைத்தான் அத்தான் தள்ளிவிட்டார். கவிழ்ந்த நாள் கணக்கில் நின்றுவிட்டது.

இன்று காலை நிலவரப்படி அத்தான் முதலிடம், பல் டாக்டர் ஒரே புள்ளியில் பின்னால். பல் டாக்டரின் படகில் பாரம் அவர் மனைவி. இருவருக்கும் ஒரே நீலத்தில் சட்டை, ஒரே நீலத்தில் தொப்பி. கரையில் இருக்கும்வரை "வாடா கண்ணு", தண்ணீரில் இறங்கியதும் "மரக்கட்டை மாதிரி உக்காராத." மற்றவர்களைப் பற்றி அத்தான் கவலைப்படவில்லை. மூன்றாவது இடத்தில் இருந்த படகைக் கிளப்பில் எல்லோரும் வம்புப் படகு என்பார்கள். ஒரு அண்ணியும் நாத்தனாரும். தைலம், மாமியார், பள்ளிக்கூடக் கட்டணம், யார் வீட்டில் யார் பேசுவதில்லை என்று தொடக்க ஊதலிலிருந்து முடிவு ஊதல்வரை பேசிக்கொண்டே ஓட்டுவார்கள். கவிழ்ந்ததில்லை, வராமல் இருந்ததில்லை, ஜெயித்ததும் இல்லை. "அதுங்க படகுல பாய்க்குக் காத்தே வேண்டாம், வாயே போதும்" என்பது தளபதியின் ஜோக். ஒவ்வொரு வாரமும் சொல்வார்; ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்கள்.

கரையில் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாம ஜெயிக்க வேண்டாம். பல்லு நமக்கு முன்னாடி வரக்கூடாது, அவ்வளவுதான். அவன் தலை மேலயே உக்காந்துடணும்."

அதாவது, காற்று வரும் பக்கமாகப் போய், அவர்கள் பாய்க்குக் காற்று சேராதபடி எங்கள் பாயை நிறுத்துவது. அவர்கள் திரும்பினால் நாங்களும் உடனே திரும்பி மறுபடி மறிப்பது. விதிகளில் இதற்குத் தடை இல்லை. தடை இல்லாததை எல்லாம் செய்துவிடுகிறவர்களை எப்படி அழைப்பது என்று விதிகளில் போடவில்லை.

ஊதல் ஒலித்தது. மற்ற படகுகள் சுற்றிவர வேண்டிய மிதவையை நோக்கிப் போயின. நாங்கள் பல் டாக்டரை மறித்தோம். அவர் பாய் சப்பிப் போய்த் துணிக்கொடியில் தொங்கும் போர்வை மாதிரி ஆடியது. "என்னங்க இது, பந்தயமா ரவுடித்தனமா?" என்று கத்தினார். "டாக்டர், எல்லாம் விதிப்படிதான்" என்று அத்தான் பணிவாகச் சொன்னார். கரையில் பேசும் அதே குழைந்த குரல்.

இரண்டு முறை அவர் எங்களிடமிருந்து நழுவப் பார்த்தார். மூன்றாம் முறைக்குள் நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன். திரும்புவதற்குச் சற்று முன், டாக்டரின் மனைவி தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். புதுத் தொப்பி, பறந்துவிடும் என்ற பயம். கணவர் வாயைத் திறக்கும் முன்பே அந்தக் கை மேலே போகிறது.

"தொப்பி" என்றேன்.

"என்ன?"

"அவங்க தொப்பியைத் தொட்டா உடனே திரும்புங்க அத்தான்."

அதற்குப் பிறகு அவர்களால் அசைய முடியவில்லை. நான் "தொப்பி" என்பேன், இரண்டு படகும் சேர்ந்தே திரும்பும், எங்கள் நிழல் அவர்கள்மேல் விழும். மறுபடி "தொப்பி." டாக்டர் மனைவியை வைய ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்பதை எழுதப் போவதில்லை. அந்த அம்மாள் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவர் கையைத்தான் பார்க்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த முறை கையைத் தூக்கவில்லை. தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அது எங்கள் படகை உரசிக்கொண்டு கவிழ்ந்த கிண்ணம்போல மிதந்து போனது. கை நீட்டினால் எடுத்திருக்கலாம். எடுத்தால் ஒரு விநாடி போகும்.

அத்தான் என்னைத் திட்டவே இல்லை. முழுப் பந்தயத்திலும் ஒருமுறைகூட. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். உடம்பெல்லாம் சூடாக, புத்தி கத்திபோல இருந்தது.

நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பியபோது வம்புப் படகு தெரிந்தது. வெகு தூரம் முன்னால், இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி கையை ஆட்டி ஏதோ சொல்ல, நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்களும் டாக்டரும் கடைசியாகக் கிடந்தோம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் கூட்டல்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, மறுபடியும் கூட்டினேன்.

"அத்தான், வம்புப் படகு..."

"அதுங்க கெடக்குது. தொப்பியைப் பாரு."

தொப்பிதான் போய்விட்டதே என்று சொல்லவில்லை. இன்னொரு முறை சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. நான் மறுபடி அந்த அம்மாளின் தோளைப் பார்க்க ஆரம்பித்தேன். திரும்பும் முன் தோளும் லேசாக அசைகிறது.

டாக்டரைக் கடைசியாக்கி, அவருக்கு ஒரு படகு நீளம் முன்னால் நாங்கள் வந்து சேர்ந்தோம். அத்தான் வெற்றிபெற்றவர்போலக் கரையில் குதித்தார். தளபதி கூடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டி, அடித்து, இன்னொருவரை விட்டுக் கூட்டச் சொல்லி, கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். கடைசி இரண்டு இடங்களில் வாங்கிய புள்ளிகளால் எங்கள் கூட்டுத்தொகையும் டாக்டருடையதும் வம்புப் படகைத் தாண்டிவிட்டன. கோப்பை வம்புப் படகுக்கு.

அண்ணி அப்போது ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நமக்கா? யாருடி சொன்னா?"

"அவர்தான் சொல்றாரு அண்ணி."

"போயி நல்லா கேளு. அப்புறம் திருப்பிக் கேப்பாங்க."

யாரும் கை தட்டவில்லை. தளபதி கோப்பையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, "அதிர்ஷ்டம்னா இதுதான்" என்றார். இவர்கள் எத்தனை வாரம் தவறாமல் வந்தார்கள் என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பல் டாக்டர் மனைவியைத் தனியே விட்டுக் காருக்குப் போனார். அத்தான் குளிர்பானப் பெட்டியில் சாய்ந்து நின்று, சுற்றி இருந்தவர்களிடம், "ஜூலைல அவ மட்டும் அன்னிக்கு விழாம இருந்திருந்தா இந்தக் கணக்கே வேற" என்றார். இரண்டு பேர் தலையாட்டி, "பாவம், உங்களுக்கு நேரம் சரியில்ல" என்றார்கள்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்க்க சீசனில் முதல்முறையாக, வீங்கிய காலோடு வந்திருந்தாள். அத்தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "காருக்குப் போறேன், உக்காரணும்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. தூங்கும்போது அக்காவின் வாய் லேசாகத் திறந்திருக்கும். அத்தான் காரின் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"கோப்பை போனாப் போகுது. அடுத்த சீசன் நீயே சுக்கான் புடி. நான் முன்னாடி உக்கார்றேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னிக்குத்தான் உன்னைக் கண்டேன். அந்தம்மா தொப்பியை வச்சே ஆளைக் கட்டிப்போட்டுட்டியே. எனக்குக்கூட அவ்வளவு ஈரமில்லாம இருக்க வராது. நீ பெரிய ஆளா வருவ."

பாராட்டாகத்தான் சொன்னார். சீசன் முழுக்க அவரை என்னென்ன நினைத்தேனோ, அதையெல்லாம் அவர் என்னிடத்தில் கண்டுபிடித்து மெச்சுகிறார். மருத்துவமனை வராந்தாவில் தெரிந்த மரம் நினைவுக்கு வந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "என்னடி, பதிலே காணோம்?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆசைப்பட்டதுதானே" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இப்போதுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மழைக்காலம் முடியும்வரை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அத்தான் சுக்கான் கட்டையைக் கொண்டுவந்து என் அறை மூலையில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். "எண்ணெய் போட்டுத் துடைச்சு வை, உன் பொருள்" என்றார். இதை எழுதும் மேசையிலிருந்து கை நீட்டினால் எட்டும். பிடிக்கும் இடத்தில் வார்னிஷ் போய், மரம் வெளுத்து வழவழப்பாக இருக்கிறது. ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் அது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

இராத்திரிச் சாப்பாட்டின்போது, அக்காவுக்கு நாளை மருத்துவமனையில் பரிசோதனை என்பது தெரிந்தது. அத்தானுக்கு அலுவலகத்தில் ஏதோ நசுங்கிய லாரி. நான் வருவதாகச் சொன்னேன். அக்கா, "சரி, வா" என்றாள்.

நாளை: கண்ணாடிக் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்ல வேண்டும். அக்காவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன், சுக்கான் கட்டையை எடுத்துக்கொண்டு போய் அத்தானின் கார் பின்பெட்டியில் வைக்க வேண்டும்.