வண்டி குடித்த டீசல்

கலையரசன் கார் டிக்கியைத் திறந்து, உள்ளே கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தார்ப்பாய், ஒரு மடக்கு நாற்காலி, மக்காச்சோளம் சாம்பிள் கட்டிய இரண்டு பைகள், காலித் தண்ணீர்க் கேன். வண்டியில் வேண்டாத கனம் இருந்தால் மைலேஜ் அடிபடும் என்று முதல் நாள் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். ஸ்டெப்னி டயரிலும் கை வைத்தபோது டிரைவர் அறிவழகன், "அது இருக்கட்டுங்க மொதலாளி" என்று தடுத்துவிட்டான். முன் சீட்டில் வழிய வழிய உட்காரும் முதலாளியின் கனத்தைப் பற்றி அந்த வீடியோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பெரம்பலூரில் மக்காச்சோள மண்டி வைத்திருப்பவர் கலையரசன். டீசல் போடக் காசில்லாத மனிதர் இல்லை. லிட்டருக்கு இருபது கொடுத்துக்கொண்டிருந்த வண்டி மாசி மாதத்திலிருந்து பதினைந்துக்கு இறங்கியது அவருக்குத் தன்னை யாரோ ஏமாற்றுவது போலிருந்தது, அவ்வளவுதான். ஏர் ஃபில்டரை மாற்றினார். வீல் அலைன்மென்ட் பார்த்தார். வாரம் தவறாமல் டயருக்குக் காற்றுப் பிடிக்கச் சொன்னார். ரயில்வே கேட்டில் நின்றாலும் சரி, டீக்கடை ஓரம் நின்றாலும் சரி, நின்ற மறுநொடியே "ஆஃப் பண்ணுய்யா" என்றார். இத்தனைக்குப் பிறகும் பதினைந்து பதினைந்தாகவே இருந்தது. கடைசியில் மெக்கானிக் தர்மன் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டில ஒரு கொறையும் இல்லைங்க. இனிமே ஓட்டுறவங்களத்தான் பாக்கணும்" என்றான். அறிவழகன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்க்காமலேதான் சொன்னான் தர்மன். டிரைவர் டீசலைப் பிடித்து விற்கிறான் என்பதை யாரும் அந்த ஊரில் அதைவிட நேரடியாகச் சொல்வதில்லை.

டீசல் எங்கே போகிறது என்று அறிவழகனுக்குத் தெரியும். முதலாளியின் மனைவி ஜெயசித்ராவுக்கு முழங்கால் வலி. வியாழக்கிழமைதோறும் அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கரண்ட் வைத்துவிடுவார்கள். அது அரை மணி நேர வேலை. அது முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத சந்தில் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்வாள். ஆண்டிமடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அவளுடைய அக்கா ராசாத்தி, ஒரு வயர்க்கூடையோடு அங்கே காத்துக்கொண்டிருப்பாள். இருவரும் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெயில் ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிடும் தூசி ஒரு பக்கம், தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். கண்ணாடியை இறக்க வழியில்லை. என்ஜின் ஓடும், ஏசி ஓடும், பேச்சும் ஓடும். ராசாத்தியைக் கடைசி டவுன் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏற்றிவிடும்வரை அது நிற்காது. வண்டி ஓர் அடி நகராமல் டீசல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

அறிவழகன் தள்ளிப்போய் ஒரு சுவரோரம் நின்றுகொள்வான். எப்போதாவது திரும்பிப் பார்த்தால், வீட்டில் அதிர்ந்து பேசாத ஜெயசித்ரா சத்தமே வெளியே வராமல் கண்ணாடிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருப்பாள். ராசாத்தி போகும்போது அவன் கையில் நாலு முந்திரிப்பழம் கொடுத்துவிட்டுப் போவாள்.

அக்காவும் தங்கையும் இப்படி ஒளிந்து பார்க்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. தை மாதம் ராசாத்தியின் மகள் நந்தினிக்குக் கல்யாணம். நல்வரவை விரும்புகிறவர்கள் வரிசையில் பெண்ணுக்குச் சித்தப்பாவான கலையரசனின் பெயர் இல்லை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டரின் பெயர் இருந்தது. அச்சடித்த இடத்தில் விடுபட்டுவிட்டது என்று ராசாத்தியின் கணவர் தங்கராசு நேரில் வந்து கையைப் பிடித்துச் சொல்லியும் கலையரசன் இறங்கி வரவில்லை. "அந்த வூட்டு வாசப்படிய நீ மிதிச்சன்னா, திரும்பி இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று ஜெயசித்ரா பகல் முழுக்கக் கொல்லையில் துணி துவைத்தாள். துவைத்ததையே மறுபடி எடுத்துத் துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுல் டேங்க் அடித்து அரியலூர் வரை போய்த் திரும்பி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் பார்த்துவிடுவது என்று கலையரசன் முடிவு செய்தார். முந்தின நாள் ராத்திரி அறிவழகனுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. பெரம்பலூரில் ஒரு டிரைவருக்கு டீசல் திருடன் என்று பெயர் வந்துவிட்டால், அப்புறம் யாரும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

"உள்ளத சொல்லிப்புட வேண்டியதுதான?" என்றாள் அவன் மனைவி வெற்றிச்செல்வி.

"எப்புடி சொல்றது? யார்கிட்டயும் சொல்லாதன்னு அந்தம்மா ஒரு வார்த்த கேட்டிருந்தா, முடியாதுங்கன்னு சொல்லிருக்கலாம். கேக்கவே இல்லையே. நாம சொல்ல மாட்டோம்னு அவங்க பாட்டுக்கு இருக்காங்க."

வெற்றிச்செல்வி தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "அப்ப அன்னிக்கி மட்டும் மோசமா ஓட்டிருங்க. வண்டிதான் குடிக்குதுன்னு அவரு நெனச்சுக்கட்டும். ஒங்க பேரும் தப்பிச்சிரும், அந்தம்மாவும் தப்பிச்சிரும்."

அதைவிட நல்ல வழி அவனுக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை பங்க்கில் டேங்க் வாய்வரை டீசல் நிரப்பினார்கள். கூப்பிடாமலே ஜெயசித்ராவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆள் கனம் கூடுமே என்று சொல்ல வாயெடுத்த கலையரசன், அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். ஏசி போடக் கூடாது. கண்ணாடியை முழுக்க இறக்கினால் காற்று பிடித்து இழுக்குமாம், அதனால் அதுவும் கூடாது. நாலு விரல் இடைவெளியில் வந்த காற்றோடு மூவரும் வெந்துகொண்டு போனார்கள்.

வெற்றிச்செல்வி சொன்னபடியே அறிவழகன் மோசமாக ஓட்டத் தொடங்கினான். இரண்டாவது கியரிலேயே உறும விட்டான், கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே போனான், வேகத்தடைக்குப் பக்கத்தில் போய் பிரேக்கை மிதித்துவிட்டு மறுபடி ஆக்சிலேட்டரை அமுக்கினான். தன்னுடைய மாட்டைத் தானே அடிப்பது போல் அவனுக்கு வலித்தது.

"ஏய்யா, என்னாச்சு ஒனக்கு? இப்புடியா ஓட்டுவ? மெதுவா மிதி. அறுபதுலயே வை" என்றார் கலையரசன். எப்போதும் லாரிக்குப் பின்னால் இரண்டு நிமிஷம் போனாலே "ஏறிப் போய்யா" என்று விரட்டுகிற மனிதர், இன்று வீடியோவில் கற்ற பாடத்தையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். முதலாளி சொல்லச் சொல்ல மோசமாக ஓட்டுவதற்கும் வழியில்லை. பாதி தூரம் போவதற்குள் அறிவழகனின் கால் தன் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. தூரத்தில் மாடு தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. ஏற்றத்துக்கு முன்பே வேகத்தைக் கூட்டிக்கொண்டது. இறக்கத்தில் கியரிலேயே விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. பதினைந்து வருஷப் பழக்கம் அவனைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. திரும்பி வரும்போது வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வண்டி நன்றாக ஓட ஓடப் பழி தன் பக்கம் நெருங்குவது அவனுக்குத் தெரிந்தது.

பங்க்கில் மறுபடி நிரப்பினார்கள். கலையரசன் இறங்கி நின்று போனில் கணக்குப் போட்டார். முதலில் அவர் முகம் மலர்ந்தது. "இருபத்தி ஒண்ணுய்யா!" என்றார். அப்புறம் அந்த மலர்ச்சி அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைவிட்டு இறங்கியது.

"நான் பக்கத்துல ஒக்காந்தா இருபத்தி ஒண்ணு வருது" என்றார். "ஒக்காரலன்னா எங்கய்யா போவுது?"

அறிவழகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பங்க் ஆட்கள் பம்பைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். வண்டி பங்க்கை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்தி பஸ் ஸ்டாண்ட் டிரைவர்களிடம் போய்விடும்.

"சாவியக் குடு" என்று கலையரசன் கையை நீட்டினார்.

அவன் கொடுத்துவிட்டான். அவர் கையை மூடவும், கைப்பிடி சுற்றும் சத்தத்தோடு பின் கண்ணாடி முழுக்க இறங்கியது.

"அந்த டீசல எரிச்சது நாந்தாங்க" என்றாள் ஜெயசித்ரா.

கலையரசன் புரியாமல் திரும்பினார்.

"வியாழக்கெழம வியாழக்கெழம அக்கா அரியலூருக்கு வருது. ஏசியப் போட்டுக்கிட்டு கார்லயே ஒக்காந்து பேசிக்கிட்டிருப்போம். அறிவு தம்பி வெயில்ல நிக்கிம்." அவள் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னீங்க. நான் மிதிக்கல. காரு நம்ம காருதான?"

பம்ப் பிடித்திருந்தவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கலையரசன் மனைவியைப் பார்த்தார், அறிவழகனைப் பார்த்தார், உள்ளங்கையில் இருந்த சாவியைப் பார்த்தார். மண்டியில் எடை போடும்போது ஒரு மூட்டை குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவர் அவர். சாவியை அறிவழகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"எடு" என்றார்.

பங்க்கை விட்டு ரோடு ஏறும் இடத்தில் அறிவழகன் வண்டியை நிறுத்தினான். இடது பக்கம் திரும்பினால் வீடு. வலது பக்கம் இப்போது வந்த அரியலூர் ரோடு, அதிலேயே போனால் ஆண்டிமடம்.

"எந்தப் பக்கங்க?"

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு எதிரே ஆடி ஆடிப் போனது. அது போய், பின்னாலேயே ஒரு பஸ் போய், ரோடு காலியானது. நின்ற வண்டியை ஆஃப் பண்ணும் பழக்கத்தில் அறிவழகனின் கை சாவிக்குப் போனது.

"இருக்கட்டும்" என்றார் கலையரசன்.

பின் கண்ணாடி இன்னும் திறந்தே இருந்தது. ஜெயசித்ராவின் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் தெரிந்தது. கலையரசன் ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டி, ஏசி பட்டனை அமுக்கினார். என்ஜின் ஒரு கணம் திணறி, மறுபடி நிதானித்து ஓடத் தொடங்கியது. பின்னால் கண்ணாடி மெல்ல ஏறியது.