விடத் தெரிந்த இரும்பு

பெட்டியைத் தூக்கக் கை வைத்த நாலு பேரும் குனிந்தபடியே நின்றார்கள். கோயில் மணி அடிக்கவில்லை.

வீட்டிலிருந்து பெட்டி எழும்போது துக்கமணி விழ வேண்டும். அந்தப் பங்குக் கோயிலின் வழக்கம் அது. இத்தனை வருஷமாக எல்லார் வீட்டுச் சாவுக்கும் அந்த மணியை அடிக்க வைத்தவர் பெட்டிக்குள் படுத்திருந்த சவரிநாதன்தான். கயிறு இழுக்க ஆள் கிடைக்காமல் போனபோது, இரும்புத் தண்டில் செம்புக் கம்பி சுற்றி, கரண்டில் காந்தமாக்கி, சுத்தியலை அது இழுத்து அடிக்கும்படி செய்துவைத்தவர்.

மகன் ஆரோக்கிய பிரபு கோயிலிலிருந்து தாய் இன்னாசிமேரியிடம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"யம்மா, கம்பிக் காயில் சூடாவுது, சுத்தியல் அசைய மாட்டேங்குது. காலையிலதான் உள்ள புது ராடு போட்டேன்."

"என்ன ராடு?"

"பழசு உப்புக்காத்துல துருவேறி ஊதிப்போச்சும்மா. அப்பாவுக்கு நல்லா அடிக்கணும்னு ஸ்டெயின்லெஸ் போட்டேன்."

உப்பளக்கரையில் எல்லாரும் செய்வதுதான். கொக்கியோ கீலோ, துருப்பிடிக்காததாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

"அதுல காந்தம் ஒட்டுமாடா?" என்றாள் இன்னாசிமேரி.

அவன் முகம் சுருங்கிப்போனது. "பழசத் திரும்பப் போடவும் முடியாதும்மா, அறுத்துத்தான் எடுத்தேன்."

"ஏம்பா, மேல ஏறிக் கையால அடிச்சிட்டா போச்சு," என்றார் கொழுந்தனார் ஆண்ட்ரூஸ்.

"வேணாங்க. அவரு செஞ்சது அவருக்கு அடிக்கட்டும்," என்றாள் அவள்.

கல்யாணமான புதிதில் சவரிநாதன் அந்த மணிக் காந்தத்துக்கு முதலில் போட்டது லாரி ஆக்சில் எஃகு. சுத்தியல் ஒரு தரம் அடித்து, கரண்ட் நின்ற பிறகும் தண்டோடு ஒட்டிக்கொண்டது. ஊரே சிரித்தது. "பிடிக்கவும் தெரியணும், விடவும் தெரியணும் மேரி," என்று சொல்லி, கரண்ட் நின்றதும் காந்தத்தை விட்டுவிடும் தேனிரும்பில் ரெண்டு தண்டுகளை அவளுடைய விறகடுப்பிலேயே செக்கச்செவேலெனக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார்.

"சோறு வேகுற அடுப்புல இரும்பு வேக வைக்கிற ஆம்பளைய இப்பதான்யா பாக்குறேன்!"

அன்றைக்கு ரெண்டு பேரும் பழைய சோற்றைத் தின்றார்கள், சிரித்துச் சிரித்து. ஒரு தண்டு கோபுரம் ஏறியது. மற்றது அடுப்படியில் இஞ்சி தட்டிக்கொண்டு கிடந்தது.

இன்னாசிமேரி எழுந்து உள்ளே போனாள். வரும்போது அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இதப் போடு."

"இஞ்சி நார் ஒட்டியிருக்கும்மா."

"ஓடுடா."

வெயில் ஏறியது. பிறகு கோபுரத்தில் ஒரு மணி விழுந்தது. எல்லார் கண்ணும் மேலே போயிற்று. தண்டு சுத்தியலை விட்டது, மறுபடி இழுத்து அடித்தது.

பெட்டி எழுந்தது.

வந்தவர்களுக்குக் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வைஜெயந்தி உள்ளிருந்து கேட்டாள்: "மேரிக்கா, இஞ்சி தட்டுற இரும்பக் காணமே?"

ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே, அவள் டம்ளர் அடியால் இஞ்சி நசுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.