கடைசி லயத்துக்கு மட்டும்

அம்மா அழுதிருந்தால்கூட சுலக்ஷனா தாங்கியிருப்பாள். அழவில்லை. "ராத்திரி லயத்துக்குப் பின்னால மண்ணு சரிஞ்சு குசினிச் சுவரு விழுந்துருச்சு. வீரய்யா மாமாவுக்குக் காலு நசுங்கிப்போச்சு. ஒங்க மெசேஜ் ஒண்ணும் வரலையே" என்று பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேயிலைத் தோட்டத்து மக்களின் போனுக்கு அனுப்பும் புரோகிராமை எழுதியவன், ஹட்டன் அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்த ஜூலியன். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு அரே, அதாவது ஒரு பட்டியல், அதற்குள் அந்த லயத்தாரின் நம்பர்கள். அந்த அரேக்கள் எல்லாம் தோட்டம் என்ற பெரிய அரேக்குள். ஆனால் அவன் லயத்துக்கு லயம் புது அரே உண்டாக்கவில்லை. ஒரே அரேயைக் காலிசெய்து, நிரப்பி, அது இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸையே எல்லா லயத்துக்கும் கொடுத்திருந்தான். எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. அங்கே மிஞ்சியது கடைசி லயத்தின் நம்பர்கள். நேற்று அவர்களுக்கு மட்டும் அதே எச்சரிக்கை திரும்பத் திரும்பப் போயிருந்தது.

போன மாதமே இதை அவனிடம் சொன்னாள். டெஸ்ட்டில் ஓடியதே என்றான். டெஸ்ட்டில் அவன் போட்டது ஒரே ஒரு லயம்.

மத்தியானம் மழை மறுபடி இறங்கியது. தோட்டங்களுக்கு அனுப்பவேண்டிய புதிய மண்சரிவு எச்சரிக்கை திரைக்கு வந்தது. அவள் பிழையைத் திருத்தி முடித்திருந்தாள். ஜூலியனோ நேற்று எச்சரிக்கை போகாததற்கு சிக்னல் கோளாறே காரணம் என்று அறிக்கை தட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப மாத்துனா நம்ம பிழைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ரிப்போர்ட் போகட்டும், நாளைக்குப் போடுவோம்."

வட்டவளையில் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தாள். அம்மாவை அழைத்தாள். பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்கள் எல்லாரும், தானும்கூட, சாமான் எடுக்க லயத்துக்கே திரும்பி வந்திருப்பதாக அம்மா சொன்னாள்.

சுலக்ஷனா கீபோர்டை இழுத்தாள். ஜூலியன் அவள் கையைப் பிடித்தான்.

"கைய எடு" என்றாள். இத்தனை நாளும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

அவன் எடுத்தான். திருத்திய புரோகிராமிலிருந்து எச்சரிக்கையை அவள் அனுப்பினாள்.

அம்மாவோடு இன்னும் தொடர்பிலிருந்த போனில் மழை இரைந்தது. அம்மாவின் போன் சிணுங்கியது. அடுத்த காம்பராவில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. யாரோ பாத்திரத்தைப் போட்டுவிட்டார்கள். "கொஞ்சம் இரு" என்ற அம்மா போனை வைக்கவில்லை. ஈரச் சேற்றில் பல கால்கள் ஒன்றாக ஓடுகிற சத்தம், மழையோடு மழையாக, கேட்டுக்கொண்டே இருந்தது.