வால் துடுப்பில் ஒரு வெட்டு

மீனவர் சங்கத் தலைவருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்துத் துறைமுகத்துச் சங்கத் தலைவர் சாயங்காலம் சாப்பிட வருகிறார். முட்டை சுமக்கும் சிங்கி இறால் வலையில் சிக்கினால், வால் துடுப்பில் அடையாளமாக ஒரு வெட்டு வெட்டிக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். வெட்டு விழுந்ததை அப்புறம் எவனும் தொடக் கூடாது. இது நம்ம தலைவர் தொண்டை கிழியக் கத்திக் கொண்டுவந்த கட்டுப்பாடு. அந்தத் துறைமுகமும் ஒத்துக்கொண்டால்தான் பிரயோஜனம். இல்லாவிட்டால் இங்கே விடுவதை அங்கே அள்ளிக்கொண்டு போவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்றைக்கு வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார் தெரியுமா? முழங்கை நீளத்தில் ஒரு சிங்கி இறால். வயிறு கொள்ளாமல் முட்டை!

மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதைப் பிடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு, இதையே ஆக்கிப் போடப் போறீங்களா?"

"வேற ஒண்ணும் மாட்டலையே! பெரிய மனுஷன் வர்றாரு, வெறும் உருளைக்கிழங்கையா வைக்கிறது? முட்டையைச் சுரண்டிட்டா யாருக்குடி தெரியும்?"

"அதுவும் சரிதான். நீங்க போய்க் குளிங்க."

இவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லையே என்று அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார்.

விருந்தாளி கையில் ஓலைக்கூடையோடு வந்தார். "சும்மா வரக் கூடாதுன்னு ரெண்டு சிங்கி கொண்டாந்தேன்."

தலைவர் கூடையைத் திறந்தார். இரண்டும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் வால் துடுப்பு ஒட்ட நறுக்கியிருந்தது. எதை மறைக்க இப்படி நறுக்குவார்கள் என்று இவருக்கா தெரியாது? இவர் கையாலேயே அடையாளம் வெட்டி விட்டவையாகக்கூட இருக்கலாம்.

"அடப்பாவி மனுஷா! நாங்க விடுறதை எல்லாம்…" என்று அவர் எகிறுவதற்குள் மனைவி வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, மூடியை எடுத்தாள். முட்டைத் தாய் வாலை விரித்துக் காட்டியது. நடுத் துடுப்பில் பளிச்சென்று ஒரு புது வெட்டு.

விருந்தாளி வாளியைப் பார்த்தார். தலைவர் கூடையைப் பார்த்தார்.

"பார்த்தது போதும், தூக்குங்க," என்றாள் அவள். "விட்டுட்டு வாங்க. உருளைக்கிழங்கு அதுக்குள்ள வெந்துடும்."

இரண்டு தலைவர்களும் திருட்டுப் பூனைகள் மாதிரி சந்து வழியாகப் போய், பாறைப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். மூன்றையும் விட்டார்கள். முட்டைத் தாய் போகிற போக்கில் தலைவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. விருந்தாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரிங்க, நாங்களும் கட்டுப்பாட்டுல சேர்ந்துக்கறோம். எங்க ஆளுங்களைக் கூட்டி வைக்கிறேன், வந்து பேசணும்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எப்போ வரட்டும்?"

"நீங்க எதுக்கு? வீட்டுக்காரம்மாவை அனுப்புங்க."