விளக்கம் நடந்த இடம்

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. 1992இல் திரௌபதியும் நானும் ஒரே நாளில் குக்கர் விற்கும் வேலையில் சேர்ந்தோம். வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் காட்ட வேண்டும். நன்றாக விற்றால் ஆறு மாதத்தில் டீம் லீடர். நான் நான்காம் நாள் நின்றுவிட்டேன். அவள் விற்றாள்.

2
முதல் தொடக்கம்: 'அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வந்த அந்த ஏழைப் பெண்ணின் கண்களில்—'

வேண்டாம். விறுவிறுவென்று நடப்பாள். நான் அதிகம் பார்த்தது அவள் முதுகைத்தான்.

3
ஆறாவது மாதம். வேங்கிக்காலில் ஒரு புது வீடு. வேலூரிலிருந்து வந்த மேனேஜர் சக்திவேல் கூடத்தில் உட்கார்ந்து கவனிக்கிறார். இன்று விற்றால் பதவி. (நான் அங்கே இல்லை. அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.)

வீட்டுக்காரி கஸ்தூரி முதலில் ஊரைக் கேட்டாள். பிறகு, "அடி அண்ணாமலைல எந்தத் தெரு?" என்று கேட்டாள். பதில் வந்ததும் சமையலறை வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"நீ அங்கியே நில்லும்மா. உள்ள சாமி படம் இருக்குது."

(திரௌபதி சீறுவதாக அரைப்பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அந்தக் கோபம் என்னுடையது. அவளுக்கு வேலை இருந்தது.)

"சரிங்கக்கா. நீங்களே வைங்க. அரிசி ஒன்னுன்னா தண்ணி மூணு. கம்மி பண்ணிடாதீங்க."

"வெடிக்குமா?"

"வெடிச்சா மொதல்ல என் மூஞ்சிதான். நேரா நிக்கிறேன் பாருங்க."

கஸ்தூரி சிரித்துவிட்டாள். மூன்றாவது விசிலில் பயம் போயிற்று. தானே மூடியைத் திறந்து, பக்கத்து வீட்டுப் பொன்னியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு குக்கர் விற்றன.

தன் கையால் சமைத்துப் பார்த்தவள் வாங்காமல் விடுவதில்லை. இதைக் கண்டுபிடித்தவள் திரௌபதி. கம்பெனியின் பயிற்சிப் புத்தகத்தில் இது கிடையாது.

4
தெருவில் சக்திவேல் பதவிக்கான படிவத்தை நீட்டினார். 'விளக்கம் நடந்த இடம்: சமையலறை. உள்ளே நானே செய்து காட்டினேன்' என்ற வரியின் கீழே கையெழுத்து வேண்டும்.

"நான் உள்ள போகலையே சார்."

"யாரு பாக்கப்போறாங்க? போடும்மா. நாளைலருந்து உன் கீழ ஆறு பேரு."

"அவங்களையும் வாசல்ல நிறுத்துனா நான் இன்னா சொல்லட்டும் சார்?"

அவர் மணியைப் பார்த்தார். பேனாவை நீட்டினார்.

5
முடிவு ஒன்று: கையெழுத்துப் போட்டாள். வாசலில் நின்றபடி விற்பதை ஆறு பேருக்கும் கற்றுக்கொடுத்தாள்.

முடிவு இரண்டு: வரியை அடித்தாள். 'வெளியே நிறுத்தினார்கள், இரண்டு விற்றேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதைப் படித்த வேலூர் ஆபீஸ்—

முடிவு மூன்று:

அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் அவளுக்கு மார்க் போடுவீர்கள். படிவத்தைப் பிடியுங்கள். வெயிலில் நிற்கிறீர்கள், மேனேஜர் மணி பார்க்கிறார். எழுதுங்கள்.