சிவப்புச் சுவிட்சுக்குப் பொட்டு

விஜயதசமி காலையில் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் பட்டென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அதற்கப்புறம் உயிர் வரவில்லை. அறைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த தனக்கொடிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்த அறைக்குள் போக அவளுக்கு அனுமதி கிடையாது. வைத்திக்குப்பத்தில் வலையும் கயிறும் மொத்த வியாபாரம் செய்யும் கடையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் டைப்பிஸ்ட். முதலாளி கண்ணையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. தனக்கொடி கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லித்தான் கம்ப்யூட்டரையே வாங்கினார். மேனேஜர் இராமதாஸ் பெரிதாகத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, தன் மச்சினன் முருகையனைக் கொண்டுவந்து அதன் முன்னால் உட்கார வைத்தார். முதலாளி விசாரித்தபோது, அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை என்று கூசாமல் சொன்னார்.

மண்டையில் ஏற விட்டால்தானே? ஒருநாள் அவள் துணிந்து உள்ளே காலெடுத்து வைத்தாள். வலை மூட்டை தூக்குகிற ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இராமதாஸ் கேட்டார்:

"தலைக்கு ஊத்திக்கிட்டுதான் வந்தியா? சாமி படம் இருக்கிற ரூம் இது. தீட்டோட வந்து மெஷினத் தொடாத."

ஆட்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து பொம்பளைகள் யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார். தனக்கொடி அழவில்லை. வீட்டுக்குப் போய் மீன் கழுவினாள், குழம்பு வைத்தாள், இறக்கி ஆற வைத்தாள். வயிற்றெரிச்சலை மட்டும் ஆற விடவில்லை. தீபாவளிக்குள் டைப்ரைட்டரைத் தள்ளிவிட்டு அவளையும் அனுப்பிவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆயுத பூஜையன்று இராமதாஸ் குளித்து முழுகி வந்து, தராசில் தொடங்கி கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. பிறகு பூசணிக்காய் உடைக்க எல்லோரும் தெருவுக்குப் போனார்கள். பொரியும் கடலையும் பொட்டலம் கட்டுகிற வேலை தனக்கொடிக்கு. அறை திறந்தே கிடந்தது. சந்தனக் கிண்ணமும் அங்கேயே இருந்தது.

மெட்ராஸிலிருந்து வந்து மெஷினைப் பொருத்திய இன்ஜினியர், பெட்டியின் முதுகில் இருந்த சிறிய சிவப்புச் சுவிட்சைக் காட்டி, எல்லோர் காதிலும் விழும்படி எச்சரித்திருந்தார். அதன் ஒரு பக்கம் அமெரிக்கக் கரண்டுக்கு உள்ளது. அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நம்மூர் கரண்டைக் கொடுத்தால் பெட்டி தாங்காது. தனக்கொடி மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டாள். சுவிட்சைத் தள்ளினாள். அதன்மேலேயே ஒரு பொட்டும் வைத்தாள். தெருவில் பூசணிக்காய் சிதறுகிற சத்தம் கேட்டபோது அவள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது முருகையன் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். அதே பிளக்கில் டேபிள் ஃபேனை மாட்டினால் ஜோராகச் சுற்றியது. ஸ்டெபிலைசரில் விளக்கு எரிந்தது. ஒயரை மாற்றினான், பெட்டியைத் தட்டினான், கருகல் வாடையை முகர்ந்து முகர்ந்து பார்த்தான். இராமதாஸ் தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் சுற்றி நசுக்கினார். பெட்டி எதற்கும் மசியவில்லை.

மறுநாள் இன்ஜினியர் வந்தபோது முதலாளியும் கூடவே வந்தார். முருகையன்தான் எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டானா என்று அவர் கேட்டதும் இராமதாஸுக்கு வியர்த்தது. மச்சினன் வேலை போனால் பெண்டாட்டி வீட்டில் வாழ விடமாட்டாள். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"சத்தியமா முருகையன் எதையும் நோண்டல முதலாளி. பொம்பளைங்க யாரும் உள்ள வரல. என் கை ஒண்ணுதான் பட்டுச்சு. நான்தான் எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன்."

இன்ஜினியர் பெட்டியைத் திருப்பினார். சிவப்புச் சுவிட்ச் அந்தப் பக்கம் தள்ளியிருந்தது. அதன் தலையில் காய்ந்துபோன சந்தனம்.

முதலாளி அந்தப் பொட்டையும் இராமதாஸின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டாளத்துக்காரர், கத்த மாட்டார். அறைச் சாவிக்குக் கையை நீட்டினார். இராமதாஸ் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெட்டி சரியானதும் தனக்கொடிதான் அதில் உட்கார வேண்டும், முருகையன் போய் வலை மூட்டை எண்ணட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டார்.

தனக்கொடி படியைத் தாண்டவில்லை.

"வேணாங்க முதலாளி. பொம்பளைங்க வந்தா தீட்டுன்னு மேனேஜர் சார் சொல்லியிருக்காரு. அவரே கூப்பிடட்டும், வர்றேன்."

மூட்டை தூக்குகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள். முதலாளி இராமதாஸைப் பார்த்தார். இராமதாஸ் தரையைப் பார்த்தபடி விலகி வழிவிட்டார்.

"உள்ள வாம்மா," என்றார்.

தனக்கொடி உள்ளே வந்தாள். பழி தீர்ந்தது தீர்த்தவளுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? பாதிப் பசிதான் ஆறும். இன்ஜினியரும் முதலாளியும் பெட்டியின் மேல் குனிந்திருந்த நேரத்தில், இராமதாஸின் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள்.

"சிவப்புச் சுவிட்சுக்குப் பொட்டு வைக்க மறந்துட்டீங்க சார்," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நான்தான் வச்சேன்."

இராமதாஸ் வாயைத் திறந்தார். கற்பூரம் சுட்ட உள்ளங்கை அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.